பார்த்தவர் சொன்னால் நம்பிவிடலாமா? தொடக்க கால நவீனத்துவ நாவலில் சாட்சியும் கதைசொல்லியும்

டால்ஸ்டாயின் ‘அன்னா கரேனினா’வில் லேவின் பறவை வேட்டைக்குப் போகும் இடம் ஒன்று உண்டு. கூடவே லாஸ்கா என்ற நாய். பறவைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பது அதற்கு மோப்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. எஜமானோ வேறு பக்கம் கை காட்டுகிறார். மூக்கு சொல்வதைக் கேட்பதா, எஜமான் சொல்வதைக் கேட்பதா என்று நாய் குழம்புவதை டால்ஸ்டாய் நிதானமாக எழுதுகிறார். “நாய் மனசுக்குள் ஓடியது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று படிக்கிற யாரும் கேட்பதில்லை. சொல்கிறவர் சொல்கிறார், நாம் நம்புகிறோம்.

அந்தக் கேள்வி நமக்குத் தோன்றாமல் பார்த்துக்கொள்ளும் செல்வாக்கைத்தான் விமர்சகர்கள் கதைசொல்லியின் அதிகாரம் என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பெரிய நாவல்கள் பலவற்றில் அது கதைக்கு வெளியே நிற்கும் ஒரு குரலிடம் இருந்தது. அந்தக் குரலுக்கு உடம்பு இல்லை, ஊர் இல்லை, மறதி இல்லை. எல்லா வீட்டுக்குள்ளும் எல்லார் மனதுக்குள்ளும் அது போய்வரும்.

1890களின் இறுதியிலிருந்து சில எழுத்தாளர்கள் இந்த ஏற்பாட்டோடு சண்டை போடத் தொடங்கினார்கள். கதையைச் சொல்ல ஓர் ஆளை வைத்தார்கள். ஆள் என்றால் அவர் எங்கோ ஓர் இடத்தில் நின்றுதான் பார்த்திருக்க முடியும். இருட்டாக இருந்தால் தெரியாது. பயந்திருந்தால் சரியாகக் கேட்டிருக்காது. பத்து வருடம் கழித்துச் சொன்னால் பாதி மறந்திருக்கும். அவருக்கென்று வெட்கமும் விருப்பும் இருக்கும். ஆக, கதைசொல்லி சாட்சியாகிவிடுகிறார். சாட்சி என்று வந்துவிட்டால் குறுக்கு விசாரணை செய்யும் வேலை வாசகர் தலையில் விழுகிறது. தொடக்க கால நவீனத்துவப் புனைவைப் படிக்கையில் பலருக்கு வரும் தலைச்சுற்றலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

சாட்சிகளை வைத்துக் கதை சொல்வது அதற்கு முன்பு இல்லாத விஷயம் அல்ல. 1719இல் வந்த ‘ராபின்சன் குரூசோ’வின் முகப்பிலேயே, இது அவரே எழுதியது என்று போட்டிருந்தார்கள். அனுபவித்தவர் தானே எழுதினார் என்றால் நம்பிக்கை கூடும் என்பது அன்றைய கணக்கு. 1859–60இல் தொடராக வந்த வில்கி காலின்ஸின் ‘த வுமன் இன் ஒயிட்’ இன்னும் வெளிப்படையானது. நீதிமன்றத்தில் ஒரு குற்றத்தைப் பல சாட்சிகள் சேர்ந்து சொல்வதுபோல இந்தக் கதையையும் பலர் எழுதுவார்கள் என்று முகவுரையிலேயே சொல்லிவிடுகிறார்.

காலின்ஸின் இன்னொரு நாவலான ‘த மூன்ஸ்டோன்’ (1868) நம் பேச்சுக்கு இன்னும் உதவும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஓர் ஆங்கிலேய அதிகாரி கொள்ளையடித்த வைரம் இங்கிலாந்தில் ஒரு வீட்டிலிருந்து காணாமல் போகிறது. (படிக்காதவர்கள் மன்னிக்கவும், முடிச்சை அவிழ்க்காமல் இதைச் சொல்ல முடியாது.) ரேச்சல் என்ற பெண், தான் காதலிக்கும் ஃபிராங்க்ளின் வைரத்தை எடுப்பதைக் கண்ணால் பார்க்கிறாள். அவனோ தான் எடுக்கவே இல்லை என்று மனசாரச் சொல்கிறான். இருவரும் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாமல் யாரோ அபின் கொடுத்திருக்கிறார்கள், அந்த மயக்கத்தில் எடுத்திருக்கிறான். அவள் கண் பார்த்தது சரி, அதற்கு அவள் வைத்த பொருள் தப்பு.

இவ்வளவு சிக்கலான விஷயத்தைக் கையில் எடுத்த காலின்ஸ் கடைசியில் என்ன செய்கிறார்? அதே அபினை மறுபடி கொடுத்து ஒரு சோதனை நடத்துகிறார். உண்மை வெளிவருகிறது, திருடன் யாரென்று தெரிகிறது, சாட்சியங்கள் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன. சாட்சிகள் எத்தனை பேர் வந்தாலும், அவர்களுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு நீதிபதி உட்கார்ந்திருக்கிறார் என்ற தெம்போடு நாம் படிக்கிறோம்.

அடுத்த தலைமுறை சாட்சிகளை வைத்துக்கொண்டது. நீதிபதியைத்தான் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

நம்மிடம் ஒரு பழமொழி உண்டு: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். கண்ணையும் காதையும் சந்தேகிக்கும் அந்தப் பழமொழி விசாரணையை நம்புகிறது. காலின்ஸும் அந்தக் கட்சிதான். இனி நாம் பார்க்கப்போகிற ஆட்கள் அந்த மூன்றாவது பகுதியிலும் கை வைத்தவர்கள்.

உளவியலாளர் வீட்டுத் திருட்டு

கதைக்குப் போவதற்கு முன் அந்தக் காலத்து அறிவியலை ஓரக்கண்ணால் பார்த்துவிடலாம். ஹார்வர்டில் உளவியல் பேராசிரியராக இருந்த ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் 1908இல் சாட்சிகளின் உளவியல் பற்றி ஒரு கட்டுரைத் தொகுப்பு வெளியிட்டார். அதில் தன் கதையையே சொல்கிறார். குடும்பம் வெளியூரில் இருந்தபோது அவர் வீட்டில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். பிறகு நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். திருடர்கள் நிலவறை ஜன்னல் வழியாக வந்தார்கள் என்றார். பார்த்தால் கதவை உடைத்து வந்திருக்கிறார்கள். கடிகாரத்தைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்கள் என்றார். அது மேஜைவிரிப்பு. மெழுகு சொட்டியிருந்த மாடியையும் மாற்றிச் சொல்லியிருந்தார். நினைவாற்றலைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர், யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல், பொய் சொல்லும் எண்ணமும் இல்லாமல் இவ்வளவு தப்பு செய்திருக்கிறார்.

அதே நூலில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையையும் விவரிக்கிறார். வகுப்பில் இரண்டு மாணவர்கள் திடீரென்று சண்டை போடுகிறார்கள், ஒருவர் துப்பாக்கியை எடுக்கிறார். எல்லாம் முன்கூட்டியே ஒத்திகை பார்த்த நாடகம். பார்த்தவர்களை எழுதச் சொன்னபோது, மிகக் குறைவாகத் தப்பு செய்தவரின் அறிக்கையிலேயே 26 சதவீதம் பிழை. அதிகபட்சம் 80 சதவீதம்.

நாவலாசிரியர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் எழுதினார்கள் என்று சொல்லவில்லை. நாம் அடுத்துப் பார்க்கப்போகும் நாவலாசிரியர் ஜோசப் கான்ராடின் முக்கியமான கதைகள் இந்த நூலுக்கு முன்பே வந்துவிட்டன. ஒரே காலத்தில் வெவ்வேறு அறைகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரே சந்தேகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கப்பல் மூழ்கியதைப் பார்த்தவர்

1880 ஆகஸ்டில் ‘ஜெத்தா’ என்ற நீராவிக் கப்பல் 900க்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகளோடு அரபிக்கடலில் போய்க்கொண்டிருந்தது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியாக வந்த கப்பல். மோசமான வானிலை, கப்பலுக்குள் தண்ணீர் ஏறியது. பிரிட்டிஷ் கேப்டனும் அவருடைய அதிகாரிகளும் பயணிகளை விட்டுவிட்டுப் படகில் இறங்கிப் போய்விட்டார்கள். வேறொரு கப்பல் அவர்களைக் காப்பாற்றி ஏடனில் கொண்டுவிட்டது. ‘ஜெத்தா’ மூழ்கிவிட்டது என்று அவர்கள் அறிவித்தார்கள். அடுத்தாற்போல் இன்னொரு கப்பல் ‘ஜெத்தா’வை இழுத்துக்கொண்டு அதே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. பயணிகளும் அதில்தான் இருந்தார்கள். விசாரணை நடந்து, கேப்டனின் சான்றிதழை 3 ஆண்டுக்கு நிறுத்திவைத்தார்கள்.

கீழைக் கடல்களில் மாலுமியாக இருந்த ஜோசப் கான்ராடுக்கு இந்தச் சம்பவம் தெரியும். 1899 அக்டோபரிலிருந்து பத்திரிகைத் தொடராக வந்து 1900இல் புத்தகமான ‘லார்ட் ஜிம்’ இதிலிருந்து பிறந்தது. நாவலில் கப்பலின் பெயர் ‘பாட்னா’, பயணிகள் 800 பேர். குதித்து ஓடிய அதிகாரிகளில் ஒருவன் ஜிம் என்ற இளைஞன். மற்றவர்கள் எப்படியோ நழுவிவிட, விசாரணையை நேரில் சந்திப்பவன் அவன் ஒருவன்தான்.

இந்த நாவலின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் 4 அத்தியாயங்களைச் சொல்வது பழைய பாணியிலான எல்லாம் அறிந்த குரல்தான். ஜிம்மின் சிறுவயது, அவனுடைய பகற்கனவுகள் எல்லாம் அதற்குத் தெரியும். 3ஆம் அத்தியாய முடிவில் நடுக்கடலில் கப்பல் எதன்மீதோ உரசுகிறது. பக்கத்தைத் திருப்பினால் ஒரு மாதம் தாண்டிவிட்டது, நாம் விசாரணை மண்டபத்தில் இருக்கிறோம்! அவன் குதித்தானே, அந்தக் கணத்தை மட்டும் அந்தக் குரல் நமக்குக் காட்டவே இல்லை. கூண்டில் நிற்கும் ஜிம்மிடம் அவர்கள் உண்மை விவரங்களைக் கேட்கிறார்கள். விவரங்களை வைத்து எதையாவது விளக்கிவிட முடியும் என்பதுபோலக் கேட்கிறார்களே என்று அவனுக்குத் தோன்றுகிறது. அப்போது பார்வையாளர்களில் ஒருவரின் கண்ணை அவன் கண் சந்திக்கிறது. அவர்தான் மார்லோ. 5ஆம் அத்தியாயத்திலிருந்து மார்லோ கதையை எடுத்துக்கொள்கிறார், எல்லாம் அறிந்த குரல் விடைபெறுகிறது. எந்த இடத்தில் விசாரணை தொடங்குகிறதோ அதே இடத்தில் அந்தக் குரலைக் கான்ராட் வெளியே அனுப்புவது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

மார்லோ கப்பலில் இருந்தவர் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்தவர் சொன்னது. ஜிம் சொன்னது, மருத்துவமனையில் கிடக்கும் ஒருவர் சொன்னது, வருடங்கள் கழித்து ஒரு பிரெஞ்சு அதிகாரி சொன்னது. நீதிமன்றம் செவிவழிச் செய்தி என்று தள்ளிவிடும் சரக்கை வைத்துத்தான் நாவலின் பெரும்பகுதி நடக்கிறது.

அதில் ஒரு காட்சி. ‘பாட்னா’வின் தலைமைப் பொறியாளர் குடித்துக் குடித்து மருத்துவமனையில் படுத்திருக்கிறார். மார்லோ போய்ப் பார்க்கிறார். “கப்பல் மூழ்கியதை நான் பார்த்தேன்” என்கிறார் பொறியாளர். தன் கண்ணைப் போலக் கூர்மையான கண் பாரசீக வளைகுடாவுக்கு இந்தப் பக்கம் யாருக்கும் கிடையாது என்று பெருமை வேறு. கப்பல் நிறைய ஊர்வன இருந்தனவாம். அப்புறம், கட்டிலுக்கு அடியில் பார் என்கிறார். மார்லோ சட்டென்று குனிந்து பார்க்கிறார். “குனியாமல் இருந்திருப்பேன் என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்” என்று நம்மிடமும் சவால் விடுகிறார். கீழே ஒன்றும் இல்லை. பொறியாளர் கண்ணுக்கோ லட்சக்கணக்கில் இளஞ்சிவப்புத் தேரைகள். வெளியே வரும்போது மருத்துவர் கேட்கிறார்: இவருடைய சாட்சியம் விசாரணைக்கு முக்கியமா? துளிகூட இல்லை என்கிறார் மார்லோ.

நகைச்சுவைக் காட்சிதான். ஆனால் “மூழ்கியதைப் பார்த்தேன்” என்று சொன்னவர் இந்தக் குடிகாரர் மட்டும் இல்லையே. நிதானத்தில் இருந்த மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். படகிலிருந்து திரும்பிப் பார்த்தபோது கப்பலின் விளக்குகள் சட்டென்று மறைந்தன, அதனால் மூழ்கிவிட்டது என்றார்கள். கப்பல் காற்றில் திரும்பிக்கொண்டதால் விளக்குகள் அவர்கள் கண்ணுக்கு மறைந்தன என்று நாவல் பிறகு காரணம் சொல்கிறது. விளக்கு தெரியவில்லை என்பது அவர்கள் பார்த்தது. கப்பல் மூழ்கியது என்பது அவர்களுக்குத் தேவைப்பட்டது. கப்பல் மிதந்துகொண்டிருந்தால் அவர்கள் கோழைகள், மூழ்கிவிட்டால் தப்பிப் பிழைத்தவர்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை மனம் தானே நிரப்பிக்கொண்டது.

ஜிம்மின் சொந்த வாக்குமூலமும் இதே கதைதான். மார்லோவிடம் அந்த இரவைப் பற்றி நிறையச் சொல்லிக்கொண்டே வருகிறான். படகில் இருந்தவர்கள் கூப்பிட்டது, மழை, இருட்டு எல்லாம் நுணுக்கமாக வருகின்றன. அந்த இடம் வந்ததும், “நான் குதித்திருந்தேன்…” என்று நிறுத்துகிறான். பார்வையைத் திருப்பிக்கொண்டு, “அப்படித்தான் தெரிகிறது” என்று சேர்க்கிறான். குதித்தவனே அந்தக் குதிப்புக்கு நேரடிச் சாட்சி இல்லை! குதிக்கும் முன்னும் தெரியும், குதித்த பின்னும் தெரியும், நடுவில் இருந்ததை மட்டும் அவனாலும் வேறு யாரோ செய்ததைப்போல ஊகித்துத்தான் சொல்ல முடிகிறது. எல்லாம் அறிந்த குரல் அந்தக் கணத்தை ஏன் தாண்டிப்போனது என்பது இங்கே புரிகிறது. அதைச் சொல்லத் தகுதியுள்ள சாட்சி இந்த நாவலில் ஒருவர்கூட இல்லை.

இன்னும் இரண்டு சாட்சிகளைச் சொல்லாமல் நகரக் கூடாது. அதிகாரிகள் ஓடிய பிறகும் சுக்கானைப் பிடித்தபடி நின்ற இரண்டு மலாய் மாலுமிகளையும் விசாரணைக்கு அழைக்கிறார்கள். அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்ற கேள்விக்கு, ஒன்றும் நினைக்கவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் பதில் சொல்கிறார் முதலாமவர். இரண்டாமவர் வயதானவர். தனக்கு எந்த உத்தரவும் வரவில்லை, பிறகு ஏன் சுக்கானை விட வேண்டும் என்கிறார். வெள்ளைக்காரர்கள் சாவுக்குப் பயந்து கப்பலை விட்டுப் போவார்கள் என்று அப்போது தோன்றவே இல்லை, இப்போதும் நம்பவில்லை, ஏதோ ரகசியக் காரணங்கள் இருந்திருக்கலாம் என்கிறார். பிறகு தான் வேலை பார்த்த பழைய கப்பல்கள், கேப்டன்களின் பெயர்களை அடுக்கத் தொடங்க, போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். அங்கே இருந்து, கடைசிவரை நின்று, எல்லாவற்றையும் பார்த்த மனிதர். அவர் சொன்னது விசாரணைக்குப் பயன்படவில்லை. அந்த மண்டபத்தில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு அதைவிடக் கடுமையான தீர்ப்பு வேறு கிடையாது என்பது என் எண்ணம். கிழவருக்கு அது தீர்ப்பு என்றே தெரியாது.

ஆனால் பயணிகள் 800 பேர்? விசாரணையில் அவர்கள் குரலை நாம் கேட்பதே இல்லை. ஜிம்மின் சட்டையைப் பிடித்து, நோயுற்ற குழந்தைக்குத் தண்ணீர் கேட்ட ஒருவர் மட்டும் ஜிம்மின் பேச்சுக்குள் வந்துபோகிறார். கப்பல் யாரைப் பற்றியதோ அவர்கள் சாட்சிப் பட்டியலில் இல்லை. கான்ராட் இதைத் தெரிந்தே செய்தாரா, அவர் கண்ணுக்கும் அவர்கள் கூட்டமாகத்தான் தெரிந்தார்களா? இரண்டும் கலந்தது என்பேன். காங்கோவில் நடக்கும் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ கதையைப் பற்றி 1975இல் நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே நிகழ்த்திய உரை இந்த இடத்தில்தான் அடித்தது. அந்தக் கதையில் ஆப்பிரிக்கர்கள் பேசுவதே அரிது என்றார். அதே காங்கோவைப் பற்றி, அதே கான்ராடின் நண்பரான ரோஜர் கேஸ்மென்ட் 1904இல் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக எழுதிய அறிக்கையில் காங்கோ மக்கள் சொன்ன வாக்குமூலங்கள் பதிவாகியிருக்கின்றன. யாரைச் சாட்சியாகக் கூப்பிடுகிறோம் என்பதே ஒரு முடிவு. நாவலிலும் அப்படித்தான்.

‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ (1899) கதையிலும் மார்லோதான் சொல்கிறார், தேம்ஸ் நதியில் நிற்கும் ஒரு படகில் உட்கார்ந்து நண்பர்களிடம். பொய் என்றாலே எனக்கு ஆகாது என்கிறார். கதை முடிவில், காங்கோவில் இறந்துபோன தந்த வணிக முகவர் கர்ட்ஸின் காதலியிடம் பெரிய பொய் ஒன்றைச் சொல்கிறார்: அவர் கடைசியாக உச்சரித்தது உங்கள் பெயரைத்தான் என்று. கர்ட்ஸ் உண்மையில் என்ன சொன்னார் என்பதற்கும் நமக்கிருக்கும் ஒரே சாட்சி இதே மார்லோ. ஒரு தரப்புக்குப் பொய் சொன்னவர் நமக்கு மட்டும் உண்மை சொல்கிறார் என்று எதை வைத்து நம்புகிறோம்? அவரே அந்தப் பொய்யை ஒப்புக்கொண்டார் என்பதை வைத்துத்தான். நுட்பமான ஏற்பாடு இது. தன் குறையை ஒப்புக்கொள்ளும் சாட்சியை நாம் கூடுதலாக நம்புவோம் என்பது நீதிமன்ற வாசலில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும்.

பேய், மனைவி, மூங்கில் தோப்பு

ஹென்றி ஜேம்ஸின் ‘த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ’ 1898இல் வந்தது. கிராமத்து மாளிகையில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் இளம் ஆசிரியைக்கு, செத்துப்போன இரண்டு பேர் கண்ணில் படுகிறார்கள். கதையை எழுதியவள் அவளே. அவள் இறந்த பிறகு அந்தக் கையெழுத்துப் பிரதி டக்ளஸ் என்பவரிடம் இருக்கிறது. அவர் ஒரு கிறிஸ்துமஸ் கூட்டத்தில் படிக்கிறார். கேட்ட ஒருவர் நகலெடுத்து நமக்குத் தருகிறார். சாட்சியம் மூன்று கை மாறி வருகிறது.

அவள் முதல்முறை பேயைப் பார்க்கும் இடம் அழகானது. மாலை உலாவில், தன்னை வேலைக்கு அமர்த்திய அழகான முதலாளி எதிரே வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொண்டு நடக்கிறாள். நிமிர்ந்தால் கோபுரத்தின் மேல் ஓர் ஆள் நிற்கிறான். அது அவர் இல்லை. மனம் எதிர்பார்த்த நொடியிலேயே கண் ஒன்றைப் பார்த்துவிட்டது. அப்படியானால் எல்லாம் பிரமையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அவள் சொன்ன அடையாளங்களைக் கேட்டதும், இது இறந்துபோன வேலைக்காரன் குவின்ட் என்று பணிப்பெண் கண்டுபிடித்துவிடுகிறாள். பிறகு ஏரிக்கரையில் இன்னொரு உருவத்தை ஆசிரியை காட்டும்போது அதே பணிப்பெண் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. பேய் உண்டா இல்லையா என்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் சண்டை நடக்கிறது. 1934இல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் இதெல்லாம் அவள் மனப்பிரமை என்று எழுதியது அந்தச் சண்டையில் பிரபலமான ஒரு வாதம். ஜேம்ஸ் இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

ஃபோர்ட் மேடாக்ஸ் ஃபோர்டின் ‘த குட் சோல்ஜர்’ (1915) எனக்குப் பிடித்த உதாரணம், ஆனால் சுருக்கமாகவே சொல்லலாம். “நான் கேட்டதிலேயே இதுதான் மிகச் சோகமான கதை” என்று கதைசொல்லி டவெல் தொடங்குகிறார். கேட்ட கதை என்கிறாரே, அது அவருடைய சொந்தக் கதை! அவர் மனைவியும் அவர் நண்பரும் ஆண்டுக்கணக்காகத் தொடர்பு வைத்திருந்தார்கள், அதே ஊர்களில், அதே சாப்பாட்டு மேஜையில். அவர் பக்கத்திலேயே இருந்தும் ஒன்றும் பார்க்கவில்லை. எல்லாம் பிறகு அடுத்தவர் சொல்லித்தான் தெரிகிறது. இவ்வளவு நெருக்கத்தில் உட்கார்ந்து இவ்வளவு குறைவாகப் பார்த்த சாட்சி இலக்கியத்தில் அபூர்வம். நிஜமாகவே தெரியாதா, தெரிந்துகொள்ள விரும்பவில்லையா என்ற சந்தேகம் கடைசிப் பக்கம் வரை கூடவே வரும்.

ஐரோப்பாவைத் தாண்டி ஜப்பானுக்கு வந்தால் அகுதாகவா ரியுனொசுகேயின் ‘தோப்புக்குள்’ (1922). சின்னக் கதை. கதைசொல்லி என்று ஒருவருமே இல்லை. ஒரு சாமுராயின் பிணம் தோப்பில் கிடக்கிறது. ஏழு பேரின் வாக்குமூலங்கள் மட்டும் வரிசையாக வருகின்றன: விறகுவெட்டி, துறவி, கொள்ளைக்காரனைப் பிடித்த காவலாள், பெண்ணின் தாய், கொள்ளைக்காரன் தஜோமாரு, இறந்தவரின் மனைவி, கடைசியாக ஆவி பேசும் பெண்ணின் வாய்வழியாக இறந்தவரே. விசாரிக்கும் அதிகாரியின் கேள்விகள் அச்சில் இல்லை. பதில்கள் மட்டும் இருக்கின்றன. அந்தக் காலி இடத்தில் வாசகர் உட்கார வேண்டியதுதான்.

பொய்ச் சாட்சி என்றால் தப்பித்துக்கொள்ளச் சொல்வது என்றுதான் நினைப்போம். இங்கே மூன்று பேரும் கொலையைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார்கள். நேருக்கு நேர் வாள்சண்டையில் கொன்றேன் என்கிறான் தஜோமாரு, அதுவும் 23ஆவது வீச்சில்தான் வீழ்த்தினேன் என்று கணக்கோடு. கணவன் கண்ணில் தெரிந்த இகழ்ச்சியைத் தாங்காமல் நான் குத்தினேன் என்கிறாள் மனைவி. நானே குத்திக்கொண்டேன் என்கிறது ஆவி. ஒவ்வொருவரும் காப்பாற்றப் பார்ப்பது உயிரை அல்ல, தன்னைப் பற்றிய சித்திரத்தை. வீரன், மானமுள்ள மனைவி, துரோகத்தால் நொந்த கணவன். இறந்தவர் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையையும் அகுதாகவா விட்டுவைக்கவில்லை.

ஜப்பானிய இயக்குநர் குரோசவா இதை வைத்து 1950இல் ‘ராஷோமோன்’ படத்தை எடுத்தார். அந்தப் படத்தின் தாக்கத்தில்தான் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ 1954இல் வந்தது, பாட்டே இல்லாத தமிழ்ப் படம். கொலை ஒன்று, ஆளுக்கொரு கதை. ஆனால் அதில் குற்றவாளி யார் என்று கடைசியில் தெரிந்துவிடும். அந்த வகையில் ‘அந்த நாள்’ அகுதாகவாவைவிடக் காலின்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. துப்பறியும் கதைக்கு அது தேவை.

இரண்டு தவறான புரிதல்கள்

இப்படிப்பட்ட கதைசொல்லிகளை ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்று அழைக்கிறோம். 1961இல் வேய்ன் பூத் என்ற அமெரிக்க விமர்சகர் புழக்கத்தில் விட்ட சொல் இது. இதைக் கேட்டதும் பலர் ‘பொய் சொல்கிறவர்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். மார்லோ நம்மை ஏமாற்றப் பார்ப்பவர் அல்ல. ஆசிரியை தான் எழுதுவதை முழுசாக நம்புகிறாள். நேர்மைக்கும் நம்பகத்துக்கும் உள்ள தூரம்தான் இந்தக் கதைகளின் களம். மூன்ஸ்டர்பெர்க்கும் சத்தியம் செய்துதானே தப்பாகச் சொன்னார்.

இன்னொன்று, ‘அவரவர் உண்மை அவரவருக்கு’ என்ற முடிவு. ‘ராஷோமோன்’ என்ற பெயரையே இந்த அர்த்தத்தில் வீசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, சோம்பேறித்தனமான வாசிப்பு என்றுதான் தோன்றுகிறது. தோப்பில் ஒருவர் செத்துக் கிடக்கிறார், அதில் கருத்து வேறுபாடு கிடையாது. ‘பாட்னா’ மூழ்கவில்லை, அது துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. குதித்தவர்கள் குதித்தார்கள். விசாரணை மன்றம் அந்த விவரங்களில் எதையும் தப்பாகப் பதிவு செய்யவில்லை, சரியான தீர்ப்பைத்தான் கொடுத்தது. ஆனால் ஜிம் ஏன் குதித்தான், நல்லவன் என்று தன்னை நம்பிய ஒருவன் அதற்குப் பிறகு எப்படி வாழ்வது என்ற கேள்விகளுக்கு அந்த மன்றத்திடம் படிவமே இல்லை. விசாரணைக் குழுவில் இருந்த கேப்டன் பிரையர்லி, வாழ்க்கையில் ஒரு தப்பும் செய்யாதவர் என்று பெயரெடுத்தவர், விசாரணை முடிந்து சில நாட்களில் கடலில் குதித்துச் செத்துப்போகிறார். காரணம் யாருக்கும் தெரியவில்லை. மார்லோ ஊகிக்கிறார். நாமும் ஊகிக்கலாம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு நான் ‘தோப்புக்குள்’ கதையைத்தான் சொல்வேன், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் வாசிப்பில் கொலையாளி யார் என்று தேடுவீர்கள், பரவாயில்லை. இரண்டாவது வாசிப்பில் ஒவ்வொருவரும் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பாருங்கள். அடுத்து ‘த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ’. ‘லார்ட் ஜிம்’மை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். 5ஆம் அத்தியாயத்தில் மார்லோ வாயைத் திறந்ததும் மேற்கோளுக்குள் மேற்கோள், அதற்குள் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘இது யார் சொன்னது?’ என்று குறித்துக்கொண்டே போனால் சமாளிக்கலாம். ஒரு மனிதர் சாப்பாட்டுக்குப் பிறகு இவ்வளவு நேரம் பேசவே முடியாது என்று விமர்சகர்கள் அந்தக் காலத்திலேயே குறைபட்டார்கள். சத்தமாகப் படித்தால் மார்லோவின் பேச்சு 3 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று 1917இல் எழுதிய முன்னுரையில் கான்ராட் பதில் சொன்னார். யாராவது கடிகாரத்தை வைத்துப் படித்துப் பாருங்கள். இந்தச் சாட்சியத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம்.